சூரியனைச் சந்தேகப்பட்ட பாதிப்பக்கம்

என் வாழ்க்கையில் நான் பட்ட அதிர்ச்சிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முக்கால்வாசி ஒரே ஆளிடமிருந்து வந்தவை. கல்யாணம், கரண்ட் பில், கொரோனா எல்லாம் சேர்ந்துதான் மீதிக் கால்வாசி. அந்த ஆளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாதிப்பக்கம் என்றால் டீக்கடைக்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். ஆதார் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் அப்போது பீங்கான் பொம்மைக் கம்பெனிகள் நிறைந்த அந்தப் பேட்டையில் ஒரு கம்பெனிக்கு சூப்பர்வைசர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். களிமண் கூழை அச்சில் ஊற்றுகிறவர்கள் ஐந்து பேர், சூளைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர்கள் மூன்று பேர், வர்ணம் தீட்டுகிற பெண்கள் பதினாலு பேர், கடைசியில் பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஒரே ஒருவர். முதல் இருபத்திரண்டு பேரால் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அந்தப் பதினாலு பெண்களில் ஒருத்தி என் மனைவி மல்லிகா. பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. கம்பெனியில் நான் அவளுக்கு சூப்பர்வைசர், வீட்டில் அவள் எனக்கு.

பெட்டியில் அடுக்குகிறவர்தான் பாதிப்பக்கம். நல்லூர் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் படிப்பை விட்டவர் இல்லை. பழைய பேப்பர் கட்டு வந்து இறங்கியதும் மொத்தமாக நடுவில் கிழித்துக் குவித்துவிடுவார். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து, மேலிருந்து கீழே ஒரு தடவை படித்துவிட்டுத்தான் பொம்மைக்குச் சுற்றுவார். அந்தத் துண்டின் மறுபாதி எந்தக் குவியலில், எந்தப் பெட்டியில், எந்த ஊர் லாரியில் போய்க்கொண்டிருக்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இப்படி இருபது வருடம் படித்ததில், உலகத்தில் எந்த விஷயத்தை எடுத்தாலும் அவருக்குச் சரியாகப் பாதி தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"சார், ஒட்டகச்சிவிங்கி ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் தூங்குது தெரியுமா?"

"தெரியாதுங்க. எவ்வளவு நேரம்?"

"எனக்கும் தெரியாது சார். அது கீழ்ப்பாதியில இருக்குது."

சொல்லிவிட்டு அடுத்த பொம்மையை எடுத்துவிட்டார். கேள்வியோடு வந்து பதிலில்லாமல் போகிற ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒட்டகச்சிவிங்கியின் தூக்கம் ஒரு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இதாவது பரவாயில்லை. எங்கள் வாட்ச்மேனுக்குச் சர்க்கரை வியாதி. வெந்தயத்தை ஊற வைத்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தால் என்பது வரை படித்துவிட்டு, பாதிப்பக்கம் அவரிடம் போய் மிகுந்த அக்கறையோடு சொல்லியிருக்கிறார். குடித்தால் என்ன, எவ்வளவு குடிக்கலாம் என்பதெல்லாம் அரக்கோணம் பக்கம் ஒரு முருகனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. வாட்ச்மேன் ஒரு குடம் குடித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க கேட்டில் காவலுக்கு ஆள் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கழிவறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு தடவை ஒரு கொலைச் செய்தி. கணவன், மனைவி, கணவனின் பங்காளி, வீட்டில் வாடகைக்கு இருந்தவர் என்று நாலு பேரைச் சந்தேகப்பட்டு, போலீஸ் கடைசியில் கைது செய்தது யாரை என்ற இடத்தில் கிழிந்துவிட்டது. பாதிப்பக்கத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அந்தக் கட்டு மதுரைக்குப் போன கிருஷ்ணன்களைச் சுற்றியது என்று நினைவு வந்து, மதுரைக் கடைக்காரருக்குக் கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம் போட்டுவிட்டார். 'தாங்கள் வாங்கிய கிருஷ்ணன் சம்பந்தமாகக் கொலை விவரம் தேவைப்படுகிறது, உடனே திருப்பி அனுப்பவும்.' கடைக்காரர் வெலவெலத்துப்போய், ஒரு பெட்டிக் கிருஷ்ணனையும் அடுத்த லாரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தின கத்தலில் என் ரத்த அழுத்தம் அன்றைக்கு ஏறினது, இன்னும் இறங்கவில்லை. பாதிப்பக்கம் அதே நேரத்தில் திரும்பி வந்த கிருஷ்ணன்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். அத்தனையும் கல்யாண விளம்பரங்கள்.

இப்படிப்பட்டவர் கையில்தான் சூரியன் மாட்டியது.

ஒரு நாள் காலையில் கையில் ஒரு துண்டுப் பேப்பரோடு என் மேஜைக்கு ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன்.

"சார், சூரியன் ஒரு எடத்துல நிக்கலயாம்."

"யார் சொன்னது?"

"படிச்சிப் பாருங்க. நல்லாப் படிங்க."

படித்தேன். விஞ்ஞானக் கட்டுரை. சூரியன் அசையாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. வியாழனும் சனியும் பெரிய கிரகங்கள், சூரியன் அவற்றை இழுக்கிற மாதிரி அவையும் சூரியனைக் கொஞ்சம் இழுக்கின்றன. அதனால் சூரியனும் தன் இடத்தைச் சுற்றிச் சுற்றி மெல்ல அலைகிறது. அந்த அலைச்சல் ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு ஒரு முறை பழைய மாதிரியே திரும்புகிறது. பூமியில் மழையும் வெப்பமும் குளிரும் சுற்றுச் சுற்றாகக் கூடிக் குறைவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆனால்

அவ்வளவுதான். 'ஆனால்' என்ற சொல்லோடு பேப்பர் முடிந்திருந்தது.

"ஆனால்னு போட்டிருக்கே, அதுக்கப்புறம் என்னங்க?"

"அது புள்ளையாரோட பம்பாய் போயிடுச்சு சார். அத வுடுங்க. அறுபதுன்னு போட்டிருக்கான் பாத்தீங்களா? குரு ஒரு சுத்துக்குப் பன்னண்டு வருஷம். அஞ்சு சுத்து அறுபது. சனிக்கு முப்பது. ரெண்டு சுத்து அறுபது. நம்ம தமிழ் வருஷமும் அறுபது. இத்தன நாளா யாருமே நமக்குச் சொல்லலியே சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்ட வரையில் அவர் சொன்ன கணக்குகளில் சரியாக வந்தது அது ஒன்றுதான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அறுபதுதான் வந்தது. அந்த 'ஆனால்' அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் அன்றைக்கு லாரி வந்து நின்றிருந்தது.

அன்றிலிருந்து பேட்டையில் எல்லோருக்கும் நிம்மதி போயிற்று. டீக்கடையில், சூளையடியில், ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் சூரியன். பஸ்ஸில் ஏறி எந்தப் பக்கம் நிழலடிக்கும் என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், குருவையும் சனியையும் கணக்குப் போட்டு ஒரு பக்கத்தைக் காட்டுவார். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் கத்திரிக்காய் வதங்கினது போல இறங்குவார்கள். இவர் மட்டும் எதிர்ப்பக்கம் சாவகாசமாக உட்கார்ந்து, பாத்தீங்களா, நகந்துடுச்சு என்பார்.

சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா, அளந்து பார்க்க வேண்டாமா என்று அவருக்கே தோன்றியது. அதற்கும் ஒரு துண்டுப் பேப்பர் கிடைத்தது. வருடத்தில் இரண்டு நாள், நடுப்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு நேர் மேலே வருமாம். நேராக நிற்கிற எந்தப் பொருளுக்கும் அந்த நிமிடத்தில் நிழல் வெளியே விழாதாம். எங்கள் ஊருக்கு அது சித்திரை ஏழாம் தேதி, பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். சூரியன் நகராமல் இருந்தால் நிழல் இருக்காது, நகர்ந்திருந்தால் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். இதுதான் பாதிப்பக்கத்தின் பரீட்சை. சோதிக்க அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் கம்பெனியின் சிம்னியை.

அந்தச் சிம்னியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு எங்களிடம் எண்ணெயில் எரியும் சூளை ஒன்று இருந்தது. கேஸ் சூளை வந்த பிறகு பழைய சூளையை இடித்தார்கள். சிம்னியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அறுபதடி உயர இரும்புக் குழாய். சாயாமல் இருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்து, கம்பியின் நுனிகளைத் தரையில் புதைத்த சிமெண்ட் கட்டைகளில் மாட்டியிருந்தார்கள். கிழக்குக் கட்டை மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இருந்தது. மேற்கே இருபதடி தள்ளி வர்ண ஷெட், பதினாலு பெண்களும் உட்காரும் இடம்.

"ஏங்க, இத்தன பெரிய சிம்னி எதுக்கு?" என்று கேட்டேன்.

"பேட்டையிலேயே ஒசரமா, நேரா நிக்கிறது இது ஒண்ணுதான் சார்" என்றார்.

முதல் வருடம், பன்னிரண்டு பன்னிரண்டுக்குச் சிம்னியின் அடியில் குந்தினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. "கிட்ட வராதீங்க, உங்க நெழலு வந்து கணக்கக் கெடுத்துடும்" என்று எங்களையெல்லாம் ஷெட் நிழலுக்கு விரட்டிவிட்டார். மேற்குப் பக்கமாக இரண்டு விரற்கடை நிழல் வெளியே தெரிந்தது. அந்த இடத்தில், உடைந்த பொம்மைகளின் மூட்டையிலிருந்து ஒற்றைக் காது யானை ஒன்றை எடுத்துப் பாதி புதைத்து வைத்தார். அடுத்த சித்திரையில் நிழல் யானையைத் தாண்டியிருந்தது. அந்த நுனியில் மூக்கில்லாத செட்டியார். அதற்கடுத்த வருடம் செட்டியாருக்கு முன்னால் தலையில்லாத கல்யாணப் பெண். இப்படி வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது வருடம். உள்ளங்கை உயரப் பொம்மைகள், ஊனமுற்றவை, சிம்னியின் அடியிலிருந்து வரிசையாக மேற்கு நோக்கிக் கிளம்பி நின்றன. ஒன்பதாவது சித்திரைக்கு முன்பே வரிசை இரண்டரை அடி நீளம்.

நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்பை நிறுத்தியது அவருடைய நோட்டுப் புத்தகம். ஒரு பக்கம் நிழல், எதிர்ப்பக்கம் மழை. ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்திருந்தால், அடுத்த சித்திரையில் நிழல் அரை ஜாணுக்கு மேல் பாய்ந்திருந்தது. மழை பொய்த்திருந்தால், நிழல் போன வருடப் பொம்மையிடமே நின்றுவிட்டது, புதுப் பொம்மையைப் பழையதோடு ஒட்டித்தான் புதைக்க வேண்டியிருந்தது. ஒரு வருடம்கூடத் தப்பவில்லை. நானும் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

"குருவும் சனியும் ஒரு பக்கமா இழுக்கும்போது சூரியன் அந்தப் பக்கம் சாயுது சார். அது சாஞ்சா சூடு மாறுது. சூடு மாறுனா காத்து மாறுது. காத்து மாறுனா மழ. இதுல உங்களுக்கு எந்த எடம் புரியல?"

எல்லா இடமும் புரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பேச்சு பரவியது. நல்லூரிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் விவசாயிகள் வர ஆரம்பித்தார்கள். நெல் போடலாமா, உளுந்து போடலாமா, விதையை எப்போது விடலாம் என்று பேக்கிங் அறை வாசலில் நின்று கேட்டார்கள். வயதானவர்கள்கூட அவரை ஐயா என்றார்கள். இருபது வருடம் பொம்மைக்குப் பேப்பர் சுற்றின மனிதர், முதல் முறையாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். அவர் வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அந்த நோட்டுப் புத்தகம்தான்.

ஒன்பதாவது சித்திரை ஏழு வந்தது. நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ஒரு பேப்பர் நிருபரும் வந்திருந்தார். முதலாளி கம்பெனிக்கு விளம்பரம் என்று குஷியாகி, மோர்ப் பந்தல் போட்டுவிட்டார். பந்தல் நிழல் சிம்னி பக்கம் வருகிறது என்று பாதிப்பக்கம் அதைப் பிடுங்கி வேறு இடத்தில் நடவைத்தார். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முழுவதும் பந்தலுக்கடியில். வெயிலில் அவர் ஒருவர் மட்டும், மடித்துக் கட்டின வேட்டியோடு, கையில் வாலில்லாத குரங்குப் பொம்மையோடு.

பன்னிரண்டு பன்னிரண்டு. குனிந்தார். எழுந்தார்.

"மூணு அடி" என்றார். "போன ஐப்பசி மழைக்குச் சரியா இருக்குது. சூரியன் மூணு அடி போயிடுச்சு."

கூட்டம் கை தட்டியது. நிருபர் போட்டோ எடுத்தார். அந்த நேரம் பார்த்து மல்லிகா வர்ண ஷெட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்தாள். கை கழுவும் குழாய் சிம்னிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சூரியன் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அவளுக்குப் பன்னிரண்டேகாலுக்குப் பசிக்கும். பொம்மை வரிசையின் பக்கத்தில் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையிலிருந்த வர்ணத்தைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, என் தூக்குக்கு நெழலே காணுமே."

"வராதும்மா. இன்னிக்கு வராது" என்றார் பாதிப்பக்கம், நோட்டில் எழுதிக்கொண்டே.

"அப்ப சிம்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு? உங்க சூரியன் சிம்னிக்கு மட்டும் தனியா நகந்துச்சா?"

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். கூட்டத்தில் இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். பாதிப்பக்கம் சிரிக்கவில்லை. தூக்கைப் பார்த்தார். மல்லிகாவின் காலடியைப் பார்த்தார். தன் காலடியைப் பார்த்தார். யாருக்கும் நிழல் இல்லை. மோர்ப் பந்தலின் மூங்கில் காலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கும் இல்லை. பேட்டை முழுவதும் நிழல் தொலைத்து நிற்கும்போது, சிம்னி மட்டும் மூன்றடி நிழலை நீட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருடமாக நாங்கள் எல்லோரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"சார்" என்றார் என்னைப் பார்த்து. "மேல பாருங்க."

பார்த்தேன். தினமும் அதன் அடியிலேயே நடந்து பழகின கண்ணுக்கு அதுவரை தெரியாதது, அப்போது தெரிந்தது. சிம்னி சாய்ந்திருந்தது. மேற்கே, வர்ண ஷெட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கிழக்குப் பள்ளத்தில் தேங்கின தண்ணீர் மண்ணை இளக்கி, ஒவ்வொரு பெரிய மழையிலும் அந்தச் சிமெண்ட் கட்டை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்திருக்கிறது. நோட்டுப் புத்தகம் பொய் சொல்லவில்லை. மழைக்கும் நிழலுக்கும் தொடர்பு இருந்தது. சூரியன் நகர்ந்து மழை வரவில்லை, மழை வந்து சிம்னி நகர்ந்திருக்கிறது. அந்த ஒற்றைக் காது யானையும் மூக்கில்லாத செட்டியாரும் ஒன்பது வருடமாக என் மனைவி உட்காரும் இடத்துக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சேத்தியாத்தோப்பு விவசாயி ஒருவர் ஒன்றும் புரியாமல் கேட்டார். "ஐயா, அப்ப இந்த வருஷம் மழ எப்படிங்க?"

பாதிப்பக்கம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "எனக்குத் தெரியாதுங்க. சூரியன் எங்கயும் போவல. அது சரியாத்தான் இருக்குது. நான்தான் தலகீழாப் படிச்சிட்டேன். ஊருக்குப் போங்க, இனிமே என்ன நம்பி வெத வுடாதீங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நிருபர் கேமராவைப் பைக்குள் போட்டார். பாதிப்பக்கம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "மல்லிகாம்மா, உள்ள இருக்குறவங்க எல்லாரையும் வெளிய கூப்புடு. சாப்பாட்டோட வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவரே ஷெட்டுக்குள் போனார். பெண்கள் வெளியே வந்தார்கள். அவர் வர்ண டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விளம்பரமும் போய், வேலையும் நின்றால் யாருக்குத்தான் வராது. கொலுப் பொம்மைகள் உள்ளே பலகை பலகையாக வர்ணத்துக்குக் காத்திருந்தன. சிம்னியைக் கழற்ற ஆளுக்குச் சொல்லி அனுப்புகிறேன், அவர்கள் வர ஒரு வாரம் ஆகும், அது வரைக்கும் வேலை நடக்கட்டும் என்றார்.

"ஒம்போது வருஷமா வுழாதது இந்த ஒரு வாரத்துலயா வுழுவுது?"

"எனக்குத் தெரியாதுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு, பாதிப்பக்கம் ஷெட் வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்துவிட்டார். "என்ன மிதிச்சிட்டுப் போறவங்க போவட்டும்."

யாரும் மிதிக்கவில்லை. பதினாலு பெண்களும் அவருடைய பேக்கிங் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, வெளியே இருந்த கொஞ்சம் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டினார்கள். மூன்று நாள் இப்படியே போனது. அவர் காலையில் வந்து படியில் உட்காருவார், சாயங்காலம் எழுந்து போவார். பேட்டையில் போகிற வருகிறவர்களெல்லாம், என்ன பாதிப்பக்கம், சூரியன் வந்துடுச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஐயா என்று கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை. இஸ்திரிச் சட்டை கசங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு விரட்டினார். நான் நேரே போய் அவரை எழுந்திருக்கச் சொன்னேன். அதுவும் மரியாதையாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் உங்கள் பேச்சைக் கேட்டு நாங்கள் பட்ட அவமானம் போதாதா, அதுதான் எல்லாம் தப்பு என்று ஆகிவிட்டதே, இன்னும் என்ன பிடிவாதம் என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சார், உள்ள உங்க வூட்டுக்காரம்மாவும்தான ஒக்காருறாங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல சார். ஞாபகப்படுத்துனேன். நீங்க திட்டுங்க, நான் கேட்டுக்கிறேன். ஆனா எழுந்திரிக்க மாட்டேன்."

நான் முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டேன். காலையில் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவது என்று சூளைக்காரர்கள் இரண்டு பேரிடம் பேசியும் வைத்தேன். பேசி வைத்தவன் நான்தான், வேறு யாரும் இல்லை.

நாலாம் நாள் காலை பத்தரை மணி. சூளைக்காரர்கள் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அதற்குள் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை. முதலில் காற்று, புழுதி, பிறகு கட்டி கட்டியாகத் துளிகள். பாதிப்பக்கம் படியிலிருந்து எழுந்து ஷெட் பக்கம் யாரும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எங்கள் பக்கமாக ஓடி வந்தார். நான் பேக்கிங் அறை வாசலில் நின்றிருந்தேன். கிழக்கே கம்பி விண்ணென்று ஒரு சத்தம் போட்டது. சிமெண்ட் கட்டை சேற்றோடு பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். சிம்னி ஒன்றும் அவசரப்படவில்லை. நின்று நிதானமாகச் சாய்ந்து, பொம்மைகள் காட்டின பாதையிலேயே போய், வர்ண ஷெட்டின் மேல் நீளவாக்கில் படுத்தது. கூரைத் தகடு கிழிந்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. பிறகு உள்ளே பலகைகளும் கொலுப் பொம்மைகளும் உடைந்துகொண்டே இருந்தன. வெகுநேரம் உடைந்தன.

மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தோம். பதினாலு முக்காலிகள் இரண்டு வரிசை. ஒரு வரிசையின் மேல் இரும்புக் குழாய் கிடந்தது. மல்லிகாவின் முக்காலி தரையோடு தரையாகச் சப்பையாகியிருந்தது. முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். மல்லிகா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என் பழைய கண்ணெழுதுற பிரஷ்ஷு உள்ள இருக்குதுங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒருவர் பாதிப்பக்கம்.

"இந்த மழ நம்ம நோட்டுலயே இல்ல சார்" என்றார் குற்றவாளி மாதிரி.

பதினாலு குடும்பமும் அவரைக் கொண்டாடியது. வாழைப்பழம், வேட்டி, கோயில் பிரசாதம் என்று ஒரு வாரம் பேக்கிங் அறை நிரம்பி வழிந்தது. அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு மதியம் பன்னிரண்டு பன்னிரண்டுக்கு வெட்டவெளியில் தனியாக நின்று, மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்னங்க இது என்றேன்.

"மனசு கேக்கல சார். அது பாட்டுக்கு அதும் வேலையப் பாத்துகிட்டு இருந்துச்சு. நான் ஒம்போது வருஷம் அதச் சந்தேகப்பட்டுட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் அடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நானும் நின்று ஒரு கும்பிடு போட்டேன்.

போன வருடம் ஒரு வேலையாகக் கடலூர் போயிருந்தேன். அங்கே ஒரு நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. எனக்கு அந்த 'ஆனால்' உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். தும்மித் தும்மி இரண்டு நாள் தேடினேன். கிடைத்தது. அதே கட்டுரை, முழுப் பக்கம். 'ஆனால்' என்பதற்குப் பிறகு இருந்ததன் சாரம் இதுதான்: சூரியனின் அந்த அலைச்சல் உண்மை, அது பூமியின் மழையையும் வெயிலையும் மாற்றுகிறது என்பதை யாரும் இன்னும் உறுதிப்படுத்தவில்லை, இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கூடிக் குறைவதாலேயே ஒன்று மற்றதைச் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேரே பேட்டைக்குப் போனேன்.

பாதிப்பக்கம் ஒரு தவழும் கிருஷ்ணனுக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். "உங்க மீதிப் பக்கம் கிடைச்சிடுச்சுங்க" என்று நீட்டினேன். கையை நீட்டினவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வேணாம் சார்."

"ஏங்க? இத்தனை வருஷம் இதுக்குத்தானே தவிச்சீங்க?"

"அத அன்னிக்கே முழுசாப் படிச்சிருந்தன்னா, ஓ இவ்ளோதானான்னு ஒரு புள்ளையாருக்குச் சுத்திப் போட்டிருப்பேன். வெயில்ல போயி நின்னிருக்க மாட்டேன். ஒரு பொம்மையும் நட்டிருக்க மாட்டேன். மல்லிகாம்மாவும் அங்க வந்து தூக்க வச்சிருக்காது." கிருஷ்ணனின் தலை வரை பேப்பரை இழுத்து மடித்தார். "அது கெடக்கட்டும் சார். ஒட்டகச்சிவிங்கி கீழ்ப்பாதி எங்கயாவது கெடச்சா மட்டும் சொல்லுங்க."

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் ஊர்ப் பொம்மை உங்கள் வீட்டுக்கு வந்தால், சுற்றியிருக்கிற பேப்பரைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் மேல்பாதியைப் படித்துவிட்டு, கீழ்ப்பாதியில் என்ன ஆயிற்றோ என்று ஏங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனிதர் விருத்தாசலத்தில் இருக்கிறார். பாதிப்பக்கம், பீங்கான் பேட்டை என்று போட்டு ஒரு கார்டு எழுதினால் வந்து சேரும். எழுதுங்கள். அவரால்தான் மதியம் என் வீட்டில் இன்றும் இரண்டு தட்டு வைக்கிறோம்.